எட்டாம் நாள் நீட்டிய கைகள்

ஜூலை 29, திங்கள்

அக்கா, முதலில் மன்னிப்பு. மணி பன்னிரண்டரை. இந்த நேரத்தில் எழுதினால் கையெழுத்து கோழி கிளறியதுபோலத்தான் இருக்கும். ஆயேலே தூங்கினால்தான் என் இரண்டு கையும் எனக்குக் கிடைக்கின்றன.

டமாலேயிலிருந்து பதினான்கு மணி நேரப் பேருந்து. பிறந்த ஆறாம் வாரத்தில் வடக்கே கொண்டுபோன பிள்ளை. அக்ராவின் கடல்காற்றும் மீன்புகையும் அவளுக்குப் புதுசு. ஜேம்ஸ் டவுன் இறக்கத்தில் மூக்கைச் சுருக்கி இரண்டு தும்மல் போட்டாள். மாமியார் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். நான் சோப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினேன். லாமிலே சித்தி (என் மாமியாரின் தங்கை, உனக்குத் தெரியாதா என்ன) எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "படிச்ச பொண்ணு. விட்டா பிள்ளையைக் கொதிக்க வெச்சு எடுத்துருவா."

ஆயேலே பிறந்த மூன்றாம் நாள் நீ தந்த நோட்டு இது. "அவ செய்யிறதெல்லாம் எழுது, கோர்க்கோர். ஹோமோவோ திருவிழாவுக்கு வரும்போது குடு, நான் படிச்சுக்கறேன்" என்றாய். ஹோமோவோவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நோட்டில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

ஜூலை 31, புதன்

மேலே இடது பக்கம் ஒரு பல். கெங்கே சோளமாவு உருண்டையைக் கடித்துவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

பிள்ளைக்கு லேசான சூடு. பிற்பகல் முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. மறுபடி முப்பத்தெட்டு. டமாலேயில் இருக்கும் என் கணவர் ஆயிட்டேவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவர் எண்களைக் கேட்கவில்லை, "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் சூடு இறங்கியதும் கத்த ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, லாமிலேதான் யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்தேன் என்றார். முற்றமே சிரித்தது. சித்திக்கு ஒரே பெருமை. "பின்னே? எட்டாம் நாள் வெளியே தூக்கிட்டு வந்தது யாரு? என் கொணம் வராம வேற எவ கொணம் வரும்?"

சிரிப்பு என்னிடம் வந்ததும் நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்தை அக்காவிடம் கொடுக்கும் முன் கிழித்துவிட வேண்டும்.

எட்டாம் நாள் விடியுமுன் பிள்ளையை முதல்முதலாக வீட்டுக்கு வெளியே கொண்டுவருவோம். வெறும் தரையில் கிடத்தி, கூரையில் தண்ணீர் எறிந்தால் அது மழைபோலப் பிள்ளைமேல் விழ வேண்டும். யார் கை தூக்கி வருகிறதோ அவர் குணம்தான் பிள்ளைக்கு. வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்போதே அக்காவிடம் சொல்லியிருந்தேன் — நீதான் தூக்கணும். அவளைவிட நல்ல மனசு எனக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். லேகான் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த அன்று அவள்தான் தெருவில் இறங்கி ஆடினாள்.

எட்டாம் நாள், அவள் ஊரான ப்ராம்ப்ராமிலிருந்து இருட்டோடு முதல் வேனில் வந்துவிட்டாள். தானே தைத்த வெள்ளை உடுப்பு, நீலக் கரை. வாசலில் வந்து கையை நீட்டினாள். மாமியார் அவளைத் தாண்டிப் பார்த்து, "லாமிலே, நீ வா" என்றார்.

அக்காவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன.

ஆகஸ்ட் 5, திங்கள்

அக்காவின் வாராந்திர போன். ஆயேலே மூச்சு விடும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். போனைப் பிள்ளை நெஞ்சருகே பிடித்தேன். திருவிழாவுக்கு வருகிறாயா என்று கேட்டதற்குச் சுற்றி வளைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கிழவி உக்கார்ற முற்றத்துல நான் கால் வைக்க மாட்டேன். மூணு பிள்ளையைப் புதைச்ச கை ஆகாதுன்னு அவ முடிவு பண்ணினா இல்ல? பாவம், நீ என்ன செய்வே. அப்ப பிள்ளை பெத்து எட்டு நாள். உன்னால எதுத்துப் பேச முடியுமா?"

நான் "ம்" என்றேன்.

ம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் நாள். லாரி லாரியாகப் புதுச்சோளம், வெண்டைக்காய், பனைப்பழக்குலை, கூரைமேல் பாடிக்கொண்டு ஆட்கள். அக்கா தவறாமல் வருவாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு மூட்டை மிளகாய்மேல் ராணிபோல உட்கார்ந்து வந்தாள். காலையிலிருந்து ஆயேலேயை முதுகில் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். வெயில் ஏறியது. அவள் தலைக்கு ஈரத்துணி போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். ப்ராம்ப்ராம் லாரியும் வந்தது. அக்கா இல்லை. அக்காவின் பக்கத்துவீட்டுக்காரி ஒருத்தி ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். உள்ளே சின்னஞ்சிறு கவுன். வெள்ளை, நீலக் கரை. அந்த உடுப்பை வெட்டித் தைத்திருக்கிறாள். கரையில் பழைய தையல் பிரித்த ஓட்டைகள் தெரிகின்றன.

மாமியார் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் சோளம் புடைக்க உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டுக் கிழிக்கலாம்.

மாமியார் முடிவு செய்யவில்லை. நான்.

ஏழாம் நாள் இரவு. பிள்ளை என் மார்பில் தூங்குகிறது. எட்டு நாளைக்கு முன் இல்லாத ஒரு பயம் என்னைப் பிடித்து உலுக்குகிறது. அக்காவின் முதல் பிள்ளை மூச்சே விடவில்லை. இரண்டாவது ஐந்து வாரம். மூன்றாவது, என் மடியில் சிரித்த பையன், நாலு மாதம். குணம் கையோடு வரும் என்றால் வேறு என்னவெல்லாம் கையோடு வரும்? உயிரியல் படித்தவள் நான். பரம்பரை எப்படி இறங்குகிறது என்று பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியவள். அதெல்லாம் அந்த இரவு எங்கே போனது?

மாமியாரைக் கூப்பிட்டு, "அத்தை, அக்காவுக்கு இருமல் இருக்கு" என்றேன். அது பொய்கூட இல்லை, இரண்டு நாளாக இருமினாள்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இருமல் மட்டுந்தானா?"

நான் அழுதேன். "சரி. லாமிலே தூக்கட்டும். உங்க அக்கா கேட்டா நான் சொன்னதா இருக்கட்டும். நீ பால் குடு" என்றார்.

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒருவர் குடை நீட்டினால் வாங்கிக்கொள்வதுபோல. பதினோரு மாதம்.

ஆகஸ்ட் 10, சனி. ஹோமோவோ

விடியுமுன்னே தெரு முழுக்க அழுகை. இந்த வருஷம் செத்தவர்களுக்காக வீட்டுக்கு வீடு பெயர் சொல்லி அழுதோம். சித்தி தன் புருஷனுக்காக அழுது, அவர் குறட்டையைப் பற்றிச் சொல்லி, அழுகைக்கு நடுவிலேயே எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ஆயேலே பயந்துபோய் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் அக்காவின் மூன்று பேருக்காக அழுதேன். வாய்க்குள். அவர்கள் இந்த வருஷத்தவர்கள் இல்லை, இந்த வீட்டவர்களும் இல்லை.

மத்தியானம் குடும்பப் பெரியவர் முற்றத்து மூலைகளில் முன்னோர்களுக்கு க்போக்போய் தூவினார். அவித்த சோளமாவில் பனையெண்ணெய் ஊறி எல்லார் விரலும் மஞ்சள். ஒரே சட்டியில் இருபது கை. ஆயேலேயும் கையை விட்டாள். நான் அவள் கையைக் கழுவவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மாமியார் படுக்கப் போகும்போது சொன்னார்: "நாளைக்கு மொதல் வேன். ப்ராம்ப்ராம். பிள்ளைக்கு அந்த கவுனைப் போடு."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஹோமோவோவுக்கு மறுநாள். வீடு வீடாகப் போய் "ஆயுசை வாங்கிக்க" என்று சொல்லி வருஷத்துச் சண்டைகளை முடிக்கும் நாள். சின்னவர்கள்தான் பெரியவர்களைத் தேடிப் போக வேண்டும். பெரியவர் சின்னவரைத் தேடிப் போய் நான் பார்த்ததில்லை.

டெமாவில் வேன் மாறும்போது மாமியாரின் முழங்கால் மடங்கவில்லை. வேன் கண்டக்டர் பையன் அவரை அப்படியே தூக்கி உள்ளே வைத்தான். "மெதுவாடா, நான் சோள மூட்டை இல்ல" என்றார். வழி முழுக்க நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா, அது நான். மூன்றே வார்த்தை.

அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தும் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவள் கண்காட்ட, தையல் பழகும் பெண் எனக்கு மட்டும் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் நீ வந்ததாகவே கணக்கில்லை.

மாமியார் வாசற்படியிலேயே நின்றார்.

"தண்ணி வேணாம் மகளே. சொல்லிட்டுக் குடிக்கிறேன். மெஷினை நிறுத்து."

மெஷின் ஓடியது. இன்னும் ஒரு முழம் துணி. நின்றது.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. எனக்குப் பயம், அதான். உன் கை நல்ல கை. நீ நீட்டின கையை நான் தள்ளினேன். ஆயுசை வாங்கிக்க. எனக்கும் கொஞ்சம் குடு."

நான் பக்கத்தில் நிற்கிறேன். பிள்ளை என் இடுப்பில். வாய் திறந்திருந்தது, அது நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. இப்போது சொல், இப்போது சொல்—

அக்கா சொன்னாள்: "இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சா?"

"என் முழங்கால் மாதிரிதான் என் வாயும். மடங்க நேரமாகும்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. எழுந்து வந்து மாமியாரைப் பிடித்து உட்காரவைத்து, தானே குவளையைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். அன்று நீட்டிய அதே மாதிரி. ஆயேலே புதுமுகம் கண்டால் கத்துகிறவள். அவள் கத்தவில்லை. அக்கா கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அவளிடமே போய்விட்டாள்.

அக்கா பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "நீ ஏண்டி அழறே? உன் மேல எனக்கு என்னைக்காவது ஏதாவது உண்டா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும் வேனில் மாமியாரிடம் ஏன் அத்தை என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அவ என்னைத் திட்டினா எனக்கு ஒண்ணும் வலிக்காது. உன்னைத் திட்டினா அவளுக்கில்ல வலிக்கும்." டெமா வருமுன் தூங்கிவிட்டார். அவர் தலை என் தோளில் கனத்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

முப்பத்தைந்து வினாடி இருந்திருக்கும், மாமியார் பேசி முடித்ததற்கும் அக்கா பேசியதற்கும் நடுவில். பிள்ளை மூச்சை எண்ணிப் பழகியவளுக்கு அது தெரியும். நிறைய நேரம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அக்கா வந்தாள். ஜேம்ஸ் டவுன் முற்றத்துக்கு, பதினோரு மாதத்துக்குப் பிறகு. மாமியார் முழங்காலுக்கு என்னமோ எண்ணெய் கொண்டுவந்தாள். அவரை "அம்மா" என்று கூப்பிடுகிறாள். லாமிலே சித்தியோடு யார் குணம் பிள்ளைக்கு என்று வழக்கு. "கத்தறது உங்களுது. கையைக் காலை ஆட்டறது என்னுது" என்கிறாள். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. மாமியார் சோளம் உரித்துக்கொண்டே சிரித்தார். என்னைத் தவிர எல்லாருக்கும் நல்ல நாள்.

ஆயேலே இரண்டு அடி நடந்தாள். அக்காவை நோக்கி. இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளை டமாலே. பேருந்து நிலையத்துக்கு வந்து வழியனுப்புகிறேன் என்றிருக்கிறாள் அக்கா. நோட்டையும் கேட்டாள்: "நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வா."

கத்தரிக்கோல் எடுத்தேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதிப் பக்கத்தை மடித்து நகத்தால் கீறினேன். அந்தப் பக்கத்தின் பின்புறத்தில்தான் ஐந்தாம் தேதி இருக்கிறது, ஆயேலேயின் மூச்சை நீ கேட்டது. ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்தால் அளவுநாடா போய்விடும். எங்கே வெட்டினாலும் பிள்ளையும் சேர்ந்து போகிறாள்.

இல்லை, அது சாக்கு. வெட்டியிருக்கலாம். வேறு தாளில் நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நீ அவரை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் தலை நிமிராமல் சோளம் உரிக்கிறார். நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன்.

அவருக்குத் தெரியாது, இது உன்னிடம் வருவது. அவரிடம் எதுவும் கேட்காதே.

அக்கா, அன்று உன் கையைத் தள்ளியவள் நான். என்னைப் பற்றி என்ன நினைக்கிறாயோ நினை. ஆயேலே உன்னைப் பார்த்து நடந்தது நிஜம், அதை மட்டும் இதோடு சேர்த்துக் கெடுத்துக்கொள்ளாதே.

நாளை இரவு பத்து மணிக்குள் வீடு சேர்ந்துவிடுவேன். போன் என் கையில்தான் இருக்கும். திட்டியாவது பதில் சொல். சீக்கிரம் சொல்.