இருட்டிலும் மங்கிய செல்கள்

அன்புள்ள ஜுலைகா,

பெருந்துறையில் புது வேலை பழகிவிட்டதா? கோவையில் நல்ல மழை.

இன்று நம் எலி இதயச் செல்கள் ஒளிர்ந்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே கால்சியம் ஏற, நான் ஊட்டிய சாயம் பச்சையாக மின்னி அடங்கியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று வேறொன்று செய்தேன். லேபைப் பூட்டி, முழு இருட்டில், சாயம் ஏற்றிய செல்களை ஒரு மணி நேரம் கதகதப்பில் விட்டேன். யாரும் விளக்குப் போடவில்லை. ஆனாலும் மங்கிவிட்டன. நேரமானால் செல்களே சாயத்தை வெளியே தள்ளிவிடுகின்றன.

அன்று நம் செல்கள் மங்கியதும், நீ விளக்குப் போட்டதால்தான் கெட்டன என்று உன்மேல் கத்தியபோது, "நான் லைட்டுப் போடலீங்க" என்றாய். அதுவரை என்னை வாடி போடி என்றவள்.

அன்றைக்கும் சாயம் ஏற்றிய செல்களைப் பார்க்க ஒரு மணி நேரம் தாமதம். உன் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய்ப்பால் சோற்றைத் தின்றுவிட்டு மாடிப்படியில் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் வீணென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

உன் ஸ்டூலில் யாரையும் உட்காரவிடவில்லை. சனிக்கிழமை வா. சோறும் கொண்டு வா. இந்த முறை செல்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்.

இப்படிக்கு,
அன்று கத்தியவள்