ஒவ்வொரு எழுத்தா அழி

நேற்று காலை ஆவடி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு மானிட்டரைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து மானிட்டர், பின்பக்கம் பெருத்தது. முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் எண்கள் தெரிந்தன. முப்பது முதல் ஐம்பத்து நான்கு. ஐம்பது முதல் நூற்று இருபது. குனிந்து படித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கடைக்காரர், "இன்னா மேடம், வேணுமா? கண்ணாடி ஒடையல" என்றார். வேண்டாம் என்று நகர்ந்தேன். ஸ்டேஷனில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

நீ செத்துப்போய் நாற்பத்தொரு நாள். முப்பதாம் நாள் பூசைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவும் கூடாது.

உங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. நாம் பாலிடெக்னிக் முடித்து வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வருடம். உன் அப்பா யாரையோ பிடித்து உதிரி பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டித் தந்தார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது. விண்டோஸ் தெரிந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், இது தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை என்று சொல்லி, உன் அப்பா ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு அதை ஏற்றினாய்.

ஏற்றியது ஏறிவிட்டது. ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது. படம், பட்டன், மவுஸ் அம்பு எதுவும் கிடையாது. படம் வரவைக்கும் கட்டளையை அடித்தால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடி, மானிட்டர் விசில் அடிக்கும். பயந்து ஸ்விட்சை அணைப்போம். அணைத்ததால் அடுத்த முறை அது டிஸ்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து நிற்கும். எதையாவது மாற்றி எழுதலாம் என்று ஒரு ஃபைலைத் திறந்தால் அதிலிருந்து வெளியே வரத் தெரியாது. மறுபடி ஸ்விட்ச். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்த கையோடு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து கீபோர்டு பக்கத்திலேயே வைப்பார்.

நான் அவசரக்காரி. கம்ப்யூட்டர் எது கேட்டாலும் உடனே எதையாவது அடித்துவிடுவேன். நீ என் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று போடுவாய். "கைய எடு. ஸ்கிரீன்ல இன்னா எழுதிக்கீதுன்னு மொதல்ல படி" என்பாய். எனக்கு ஆங்கிலம் உன்னைவிட நன்றாக வரும். ஆனாலும் படித்துப் புரிந்துகொண்டவள் நீதான்.

மானிட்டர் எந்த வேகத்தைத் தாங்கும் என்பதை லினக்ஸுக்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாம் ஞாயிறு கண்டுபிடித்தாய். மேசைக்குப் பின்னால் டார்ச்சோடு நுழைந்து, முதுகு ஸ்டிக்கரில் இருந்த எண்களைச் சத்தமாகப் படித்தாய். நான் எழுதிக்கொண்டேன். வெளியே வந்து, தலையில் ஒட்டடையோடு உட்கார்ந்து, அந்த எண்களை ஃபைலில் அடித்தாய். கட்டளையைக் கொடுத்தாய். திரை பளிச் பளிச்சென்று வெட்டியது.

நீ நாற்காலியிலிருந்து சாய்ந்தாய்.

முதலில் விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு உன் வாயோரம் நுரை வந்தது. குதிகால் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. உன் அம்மா ஓடி வந்து, எல்லாம் பழகியவர்போல் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நீ தரையில் துடித்துக்கொண்டிருந்தபோது, உன் தலைக்கு மேலே மேசையில், படம் வந்துவிட்டது. சாம்பல் நிறத் திரை, நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. உன்னை விட்டுவிட்டு நான் அதைத்தான் பார்த்தேன். உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

கண் திறந்ததும் நீ கேட்ட முதல் வார்த்தை, "வந்துதா?"

"வந்துட்டுது டி."

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிடாத ரீட்டா. நாளைக்கி கண்ணாலம் ஆவணும் இதுக்கு" என்றார். அவர் உள்ளே போனதும் நீ மெதுவாக எழுந்து உட்கார்ந்தாய். "கண்ணாலம் கெடக்குது. தெரிஞ்சா எவனும் வேலை குடுக்கமாட்டான். சத்தியம் பண்ணு." அலமாரியில் இருந்த பைபிளை எடுக்கப் போனேன். "அது வேணாம், இது மேல" என்று, இன்னும் சூடாக இருந்த மானிட்டர் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினாய். நான் சத்தியம் செய்தேன்.

அதற்கு நாலு மாதம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூ. சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்கு மெயில் சர்வர் நடத்தும் சின்னக் கம்பெனி. லினக்ஸ் தெரிந்த ஒரே ஒரு ஆள் வேண்டும். இருவரும் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தே போனோம். என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர். ஒரு மெஷினைக் காட்டி, "இதுல படம் வரல. என்னன்னு பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மானிட்டரின் முதுகைப் போய்ப் பார்த்தேன், எண்களை எழுதினேன், படம் வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அசந்துபோனார்.

"வெளிய உக்காந்திருக்காங்களே, உங்க ஃப்ரெண்டா?"

"ஆமா சார்."

"சேர்ந்துதான் கத்துக்கிட்டீங்களா? அவங்களுக்கும் இது வருமா?"

நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்று சொல்லியிருக்கலாம். வரும் சார் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "வரும் சார். ஆனா பாவம், அவளுக்கு ஃபிட்ஸ் வரும். மானிட்டர் முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்தா வந்துடும். எனக்கே பயமா இருக்கும்" என்றேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னேன். பொய் சொல்லவில்லையே, உண்மையைத்தானே சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவம் என்ற அந்தச் சொல்லுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் அகப்படவில்லை.

நீ ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாய். திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். "மெஷின்கிட்டயே வுடல டி என்னை. அப்பா இன்னா பண்றாரு, ஊட்ல எத்தினி பேருன்னு கேட்டுக்கினு அனுப்பிட்டாரு." திருமுல்லைவாயில் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "கடுப்பா கீது. அத்த வுடு. உனுக்குத்தான் கெடைக்கும். வேலைல எங்கனா மாட்டிக்கினா போன் பண்ணு."

மாட்டிக்கொண்டேன். வாரத்துக்கு நாலு தடவை. சர்வர் அறையிலிருந்து உன் வீட்டு எண்ணுக்கு அடிப்பேன், இரண்டாவது மணியில் எடுப்பாய். நீ அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய், நான் இங்கே அடிப்பேன். இரண்டு வருடம் என் வேலையை நீ பார்த்தாய். சம்பள உயர்வு எனக்கு வந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மேனேஜர் சொன்னார்: "உங்க ஃப்ரெண்டு பக்கத்துக் கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருந்தாங்களாம். என்கிட்ட விசாரிச்சாங்க. விஷயத்தைச் சொல்லிட்டேன். நாளைக்கு மெஷின் பக்கத்துல விழுந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" நான் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எலுமிச்சை சாதம். முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன். அன்று மாலையும் உனக்குப் போன் செய்தேன். நீயும் எடுத்துச் சொல்லிக் கொடுத்தாய்.

எஸ்டேட்டில் நாலு கம்பெனி ஏறி இறங்கினாய். பிறகு வீட்டிலேயே அதே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் அறிக்கைகளும் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தாய்.

என் கல்யாண ரிசப்ஷன் பங்குக் கோயில் ஹாலில் நடந்தது. மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். மேடைக்குப் போகும் வரிசையில் நீ அவருக்கு முன்னால் நின்றிருக்கிறாய். உன்னை அடையாளம் கண்டு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். மேடைக்கு அருகில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. "ஃபிட்ஸ் இப்ப எப்படிம்மா இருக்கு? ரீட்டா அன்னைக்கு இன்டர்வியூவுல சொன்னதுலேருந்து என் மிஸ்ஸஸ் உங்களுக்காக ஜெபம் பண்றாங்க."

நீ அவருக்கு நன்றி சொன்னாய். மேடை ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாய். போட்டோகிராஃபர், "சிஸ்டர், கொஞ்சம் சிரிங்க" என்றார். நீ சிரித்துக்கொண்டே என் காதருகில் கேட்டாய்: "எத்தினி பேர்கிட்ட சொன்னே?"

அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. நீ அழகாக இருக்கிறாய். நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

எனக்கு வெட்கம் இருந்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சர்வர் படுத்துவிட்டது. எந்தத் தொழிற்சாலைக்கும் மெயில் போகவில்லை, போன் ஓயாமல் அடித்தது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் உன் எண்ணைச் சுழற்றினேன். இரண்டாவது மணியில் எடுத்தாய்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டாய். பழைய குரலிலேயே, "சரி, அடி" என்றாய். "எம். கே. இ. ரெண்டு. எஃப். எஸ்." பிறகு இடைவெளி, சாய்கோடு, டிஸ்கின் பெயர். அடித்தேன். முன்பு ஒருமுறை டிஸ்கைச் சரிசெய்ய நீ சொன்ன கட்டளை போலத்தான் தெரிந்தது. என்டர் மேல் விரலை வைத்தேன்.

"என்டர தொடாத. இன்னா அடிச்சிக்கிறே, படி."

படித்தேன். எம், கே, இ என்று.

"எழுத்த சொல்லாத. அது இன்னா பண்ணும், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் மூச்சு விடுவது பின்னால் கேட்டது.

"அந்த டிஸ்க்ல இருக்கிற அத்தனையும் தொடச்சிரும். இத்தினி வருசமா அந்த நாற்காலில உக்காந்துக்கினு கீறே, உனுக்கு இது தெரியல. நான் என்டர அடின்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பே."

என்டரிலிருந்து விரலை எடுத்தேன்.

"சொல்லு. அடிச்சிருப்பியா?"

"அடிச்சிருப்பேன்."

"இப்ப அழி அத்த. ஒவ்வொரு எழுத்தா அழி. எனுக்குச் சத்தம் கேக்கணும்."

ரிசீவரை கீபோர்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அழித்தேன். ஒவ்வொரு தட்டலையும் நீ கேட்டாய். கடைசி எழுத்து போனதும் போனை வைத்துவிட்டாய்.

மேனேஜர், "என்ன சொல்றாங்க?" என்றார். எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றேன். அன்றைக்குத்தான், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக, திரையில் எழுதியிருந்ததைப் படித்தேன். டிஸ்கில் இடமில்லை என்று மேலிருந்து கீழ்வரை அதுவே திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. பழைய பதிவுகளை நீக்கினேன். மெயில் ஓடியது.

அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்யவில்லை. அடுத்த ஐந்தாறு வருடத்தில் வேலையை நிஜமாகவே கற்றுக்கொண்டேன். இன்று பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற ஃப்ளாட், என் கீழே பதினாலு பேர். அவர்களில் யார் எதை அடித்தாலும், என்டருக்கு முன்னால் அது என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லச் சொல்வேன். என்னைக் கொடுமைக்காரி என்று அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

ஒருமுறை ஆவடி பிளாட்பாரத்தில் எதிர்ப்பக்கம் உன்னைப் பார்த்தேன். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. நீயும் பார்த்தாய். இடையில் ரயில் வந்தது. உனக்கு வலிப்பு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். வேறு யார் கேட்டிருந்தாலும் நல்ல செய்தி என்றிருப்பார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது வலிப்பு அல்ல, மார்பில் வந்த கட்டி. பாலிடெக்னிக் வாட்ஸ்அப் குரூப்பில் உன் படம் மாலையோடு வந்தது. அடக்கத்துக்கு வர எனக்குத் தைரியம் இல்லை.

பதினைந்தாம் நாள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் அப்பா ரிட்டயர் ஆன பிறகு திருமுல்லைவாயிலில் கட்டிய வீடு. ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஆன்ட்டிக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபியோடு வந்தார்.

"ஆன்ட்டி, நான் அவளுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் ரீட்டா" என்றார். "நீ வருவேன்னு சொல்லிக்கினு இருந்தா. வந்தா காபி குடுத்து அனுப்பும்மா, மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சா கேக்காதேன்னா. ரெண்டு பேருக்குள்ள இன்னா ஆச்சுன்னு எனுக்குத் தெரியாது. எத்தினி வாட்டி கேட்டும் சொல்லல அது. நீயும் சொல்லாத. காபி ஆறுது பாரு."

குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மனப்பாடம் செய்த அந்த நாலு வாக்கியமும் அப்படியே என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னால் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருகிறார். வரிசை சின்னதுதான். போய் முழந்தாளிட்டுச் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகாது, அவர் மன்னித்துவிடுவார், எல்லோரையும் மன்னிக்கிறார். நீ தர மாட்டேன் என்றதை அவரிடம் போய் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.