பேர் எழுதாத கட்டம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். குட்டிக்கு இரண்டாவது பல்லும் முளைத்துவிட்டதைப் போனில் பார்த்துவிட்டு உங்கப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, தையல்கடைக்காரர் ஒருத்தர்தான் பாக்கி, அவருக்குக் காது கேட்காது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. குட்டிக்கு நம்ம நாட்டு பாஸ்போர்ட் எடுக்க உன் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், மாப்பிள்ளை நாட்டு பாஸ்போர்ட்டில் வந்தால் விசாவுக்கு மாசக்கணக்காகும் என்று மூன்று தடவை கேட்டாய். வீடு மாறும்போது உன் அத்தைதான் பெட்டி கட்டினாள், அவள்தான் தொலைத்திருப்பாள் என்று மூன்று தடவையும் சொன்னேன். அவள் தொலைக்கவில்லை. அது என் தையல் மிஷின் டிராயரில் ஊசி டப்பாவுக்கு அடியில்தான் இருந்தது. கல்யாணத்தன்றைக்கு என் புடவையைப் பார்த்து இது ஜன்னல் துணியா அண்ணி என்று அவள் கேட்டதைச் சாகிறவரை மறக்க மாட்டேன், ஆனாலும் இந்தப் பழி அவளுக்குச் சேராது.

அந்தக் காகிதத்தில் பெண் குழந்தை என்று இருக்கும், தேதி இருக்கும், எங்கள் பேர் இருக்கும். உன் பேர் எழுத வேண்டிய கட்டம் காலி. நீ பிறந்தபோது பேர் முடிவாகவில்லை, பிறகு வந்து எழுதிக்கொள்ளுங்கள் என்று பதிவு ஆபீஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உங்கப்பா வெளியூர் வேலையில் இருந்ததால் நானே போய் எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு உன் பாட்டி, கையெழுத்துப் போடத் தெரியாதவள் பிள்ளைக்குப் பேர் எழுதப் போகிறாளாம் என்று வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். அந்த வீராப்பில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். பச்சைச் சட்டை போட்ட கிளார்க் படிவத்தை என் பக்கம் தள்ளி, நிரப்பிக் கொடும்மா என்றான். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. பின்னாலிருந்தவளிடம் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. அரைமணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, எழுதியாச்சு என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து நானும் எழுத்துப் படித்தேன், அந்த ஆபீஸ் பக்கம் மட்டும் போகவில்லை. உனக்குப் பள்ளிச் சான்றிதழிலேயே பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதால் முப்பத்துமூன்று வருஷம் என் பொய் உட்கார்ந்து சாப்பிட்டது.

நான் தொலைந்தது என்று சொன்னதை நம்பி உங்கப்பா நகல் வாங்க அந்த முட்டி வலியோடு நாலு நாள் வரிசையில் நின்றார். நான் மோர் கலந்து கொடுத்து அனுப்பினேன், பாவி. நாலாவது நாள் முகம் சுண்டிப்போய் வந்தார். என் மகளுக்குப் பேரே இல்லை என்கிறாள் அந்தக் கிளார்க் பெண், உன் ரிஜிஸ்டரை எலி தின்றுவிட்டதா என்று கத்திவிட்டேன், காவலாளி என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டான் என்றார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு. டிராயரைத் திறந்து காகிதத்தை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசியில், என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். முதலில் அவரை அந்த கிளார்க் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க விடாமல், நான் கேட்டேன். படிவத்தை ஐயா நிரப்பட்டும் என்றாள் அவள், நான் நிரப்புகிறேன் என்றேன். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், கொட்டட்டும். உன் பேரை எழுத எவ்வளவு நேரமானதோ தெரியாது, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துச் சரிபார்த்து எழுதினேன். ஒன்பதாம் நாள் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது, இதோடு வைத்திருக்கிறேன். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாயே, பொறுப்பாகச் சேர்த்துவிடு. என்னால் தேதி தப்பினால் குட்டியை நான் எந்த முகத்தோடு தூக்குவேன்.

உன் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், அதுதான் பொறுக்கவில்லை. குட்டியின் பாஸ்போர்ட் படிவத்தை உன் மாமியார் நிரப்பித் தருகிறேன் என்றதற்கு, அந்தம்மாவைத் தொடவிடாதே என்று நான்தான் தூபம் போட்டேன். நான் சொன்னதை விட்டுவிடு. படித்த மனுஷி, எழுதட்டும். பேர்க் கட்டத்தை மட்டும் நீயே எழுது.

குட்டி நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து வாழுங்கள். காகிதம் கிடைத்ததும் போன் பண்ணு, முதலில் அப்பாவிடம் பேசு. என்னிடம் பேசத் தோன்றினால் அப்புறம் பேசு.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும்
உன் அம்மா