டயலுக்கு அடித்த பெயிண்ட்

வியாழன், இரவு.

இல்லை, வாங்க வந்தவர் ஏமாற்றவில்லை. கெடுத்தது நான்தான்.

நான் முதலில் அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஆசைப்பட்டு வேலூரிலிருந்து ஆம்பூர் வரை வந்தார். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

"டயலுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டீங்களேம்மா. மெஷினை மட்டும் சர்வீஸ் பண்ணியிருந்தா பரவால்ல. அந்தப் பழைய டயலுக்குத்தான் நான் வந்தேன்."

பேசிய விலையில் கால் பங்குதான் தருவேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போட்டோ அனுப்பிய பிறகு, கூடுதலாக விலை போகும் என்று நினைத்துத்தான் பழுப்பேறிய டயலைக் கடிகாரக் கடையில் புதிதாக்கச் சொன்னேன். திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் என் ஆராய்ச்சிப் படிப்புக்கான இடம் போய்விடும். அதற்காகத்தான் அப்பா தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை. கீறலை மறைக்கப் பெயிண்ட் பூசிய தோலை விரலால் தடவியே கண்டுபிடித்து, மட்டமான அடுக்கில் போடுவார். சாப்பிடும்போதும் வீட்டில் அந்தப் பேச்சுதான். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், "இன்னாம்மா, வித்துச்சா?" என்றார்.

"அவர் வர்லப்பா."

கடிகாரத்தைக் கேட்டு வாங்கினார். விளக்குக்கு நேராகப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஃபினிஷிங் ஜாஸ்தியா இருக்குதே."

கையில் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

இப்போது அதைக் கழற்றாமலே தூங்குகிறார். கால் பங்கு விலை கட்டணத்துக்குப் போதாது; மீதியைப் புரட்டத் திங்கள் வரை நாள் இருக்கிறது.

வேலூர்க்காரருக்கு, கால் பங்குக்கே சம்மதம் என்று செய்தி அனுப்பிவிட்டேன்.