கால் சுற்று

என்னங்க,

மூச்சு இப்போது சீராக இருக்கிறதா? மலையை விட்டு இறங்கினால் சரியாகிவிடும் என்று டாக்டர் அடித்துச் சொன்னாரே.

டிராக்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இறங்கிய மறுநாளும் வழக்கம்போல மேட்டில் முக்கி முனகிக் கரும்புகையைக் கக்கியது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஆக்ஸிலேட்டரைப் போட்டு மிதித்தேன். புகைதான் கூடியது. மெக்கானிக் வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அக்கா, இந்த உயரத்துல காத்தே கம்மி. நீங்க பாட்டுக்கு டீசலைக் கொட்டுனா வண்டி எப்படி மூச்சு விடும்?"

டீசல் பம்பில் இருந்த திருகைக் கால் சுற்று குறைத்தார், அவ்வளவுதான். இழுவை கொஞ்சம் மட்டுதான், ஆனால் புகை இல்லை. மேல் வயல் முழுவதையும் நானே உழுதுவிட்டேன்! சந்தோஷத்தில் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வண்டியோடு எப்போது இறங்கி வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். கீழே வந்தால் அந்தத் திருகை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டுமாம். எப்படி என்று மெக்கானிக் காட்டித்தர வந்தார்.

"அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே மேலே,
உங்கள் வீட்டுக்காரி