மகளுக்கு விட்ட மாடி

ஆனி, வெள்ளிக்கிழமை இரவு.

தேனியில் தனியாக அறை பார்த்துவிட்டதாக மகள் மலர் காலையில் சொன்னதிலிருந்து எனக்கு வியாபாரமே ஓடவில்லை. சம்பாதிக்கிற பெண், போகாதே என்றால் கேட்கமாட்டாள். மாட்டுச் சந்தையிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏன் ஆத்தா, நம்ம மாடி சும்மாதான கெடக்கு. வாடகைக்கு வாரியா?"

"வாரேன்ப்பா. ஆனா எங்க போற, எப்ப வருவன்னு ஹவுஸ் ஓனரு கேக்கக் கூடாது."

"கேக்கல. வாடகையப் பேசு."

சந்தையில் நாங்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோலவே என் துண்டை உருவி இருவர் கைமேலும் போட்டாள். ஒரு விரல் ஓர் ஆயிரம். நான் ஐந்து விரலைப் பிடித்தேன், அவள் இரண்டைப் பிடித்தாள். முகத்தில் ஒரு அசைவில்லை, காரியக்காரி! மூன்றில் முடிந்தது.

"பெத்த புள்ளகிட்ட வாடகையா? ஊருல சிரிப்பாங்க!" என்று அடுக்களையிலிருந்து வந்தாள் என் மனைவி. சும்மா கொடுத்தால் அது என் வீடாகவே இருக்கும், மகள் தங்கமாட்டாள் என்பதை இவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அவளே துண்டை இழுத்துத் தன் கைமேலும் மகள் கைமேலும் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மூணு வேளை சோத்துக்கு ஆரு பேசுறது?"

எத்தனை விரலைப் பிடித்தாளோ, மலர் "அம்மோவ்!" என்று அலறினாள்.

இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாடியில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்கிறது.