செல்லத்துரையின் லேப்டாப்

ஆவணி 14, சனி.

செல்லத்துரையின் மனைவி தோவாளையிலிருந்து வந்து அவனுடைய பழைய லேப்டாப்பைத் தந்தாள். "பிள்ளை காலேஜுக்குப் போறா அண்ணே. உள்ள கிடக்கதெல்லாம் அழிச்சிட்டுத் தாங்க."

அழிக்கும் முன் திறந்து பார்த்தேன். நான் பராமரிக்கும் ஒரு சின்னக் கணினி நிரல்மொழியின் ஒவ்வொரு பதிப்பையும், நான் வெளியிட்ட அன்றே, அவன் நிறுவிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அதே பிழை. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். "விண்டோஸைத் தூக்கிப் போட்டுட்டு லினக்ஸுக்கு வாலே" என்றேன். பிறகு அவன் சொல்லவே இல்லை.

பிழை என்னுடையது. அவன் கணினியில் தன் பெயரைத் தமிழில் வைத்திருந்தான். அந்தத் தமிழ்ப் பெயரிலேயே இருக்கும் ஃபோல்டரை என் நிரலுக்குத் திறக்கத் தெரியவில்லை. இன்று மத்தியானம் உட்கார்ந்தேன், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை.

ஷார்ஜாவில் இருக்கும் செல்லத்துரைக்குப் போன் போட்டேன். "ஓடுது மக்கா. உன் லேப்டாப்லயே ஓடுது."

"இங்க கிட்டங்கில பெட்டி அடுக்குகவனுக்கு அது எதுக்கு மக்கா? அழிச்சிரு. பிள்ளைக்கு இடம் வேணும்லா."

அழித்தேன். அழிக்கும் முன்புதான் கடைசியாக அவன் முயன்ற தேதி கண்ணில் பட்டது. ஊரைவிட்டுப் போன அன்று காலை. அப்போதும் அதே பிழை. மத்தியானம் வடசேரி பேருந்து நிலையம் வரை நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் புதிய பதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன்.

"நல்லாருக்கு மக்கா" என்றான் பின்னாலிருந்து.